விக்ஸ்பர்க்கில் வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஆற்றை ஒட்டிய மேட்டில் அமைந்திருக்கும் விக்ஸ்பர்க், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 21,500 பேருக்குச் சற்று அதிகமானோர் வாழும் சிறு நகரம். ராணுவப் பொறியாளர் படையின் ஆராய்ச்சி மையமும் மிசிசிப்பி ஆற்று ஆணையத்தின் தலைமையகமும் இங்கே இருப்பதால், நகரின் அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில் பொறியாளர்கள் வேலைக்கு வந்துபோகிறார்கள். அங்கே வீடு தேடுவோரும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுவோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகளும் மருமகனும் விக்ஸ்பர்க்கில் வேலை கிடைத்துக் குடியேறப் போகிறார்கள். இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஆற்றிலிருந்து அரை மைலுக்குள் இருக்கும் பழைய தெருவில் உள்ளது. மற்றொன்று நகருக்கு வடக்கே ஈகிள் ஏரிக்கரையில் உள்ளது; அங்கே ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவே அரசாங்கம் கட்டிய பெரிய மண்கரை இருக்கிறதாம். காப்பு உள்ள இரண்டாவது வீட்டையே வாங்குங்கள் என்று சொல்லி வருகிறேன். நான் சொல்வது சரிதானே? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: ஆற்றங்கரை ஊரில் வாழ்பவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பே. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். விக்ஸ்பர்க்கில் ஒரு வீடு ஆற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வியால் அதிகப் பயன் கிடையாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றே கேட்க வேண்டும். நகரின் பழைய பகுதி ஆற்றோரத்திலிருந்து சட்டென்று எழும் மேட்டின்மேல் இருக்கிறது. கீழே லெவீ தெருவில் வெள்ளத் தடுப்புச் சுவர் நிற்கிறது. ஊரின் வரலாற்றை அதில் வரிசையாக ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து மூச்சு வாங்க ஏறினால் வாஷிங்டன் தெரு வரும்.

2011ஆம் ஆண்டு மே மாதம் ஆறு இங்குள்ள அளவுகோலில் 57.1 அடியைத் தொட்டது. 1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் 56.2 அடியைவிட அது அதிகம். வெள்ளம் என்று அறிவிக்கப்படும் அளவோ 43 அடிதான். 2011 வெள்ளத்தில் ஆற்றோரத்துப் பழைய ரயில் நிலையத்தைத் தண்ணீர் சூழ்ந்தது. நகரின் வடக்கே தாழ்வான கிங்ஸ், ஃபோர்ட் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மேட்டுத் தெருக்களில் இருந்தவர்களோ வீட்டு வாசலிலிருந்து நடந்து வந்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 57 அடி என்பது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம் அன்று. இந்த அளவுகோலின் பூஜ்யமே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 46 அடியில் தொடங்குவதால், அந்த வெள்ளத்தின் உச்சம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 103 அடி உயரத்தில் நின்றது. உங்கள் மகள் பார்த்திருக்கும் பழைய தெரு வீட்டின் தரைமட்டம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்று கேட்டு, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருநூறு அடி என்று பதில் வந்தால் ஆற்றைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

இனி ஏரிக்கரை வீட்டுக்கு வருவோம். ஈகிள் ஏரி என்பது ஆறு எப்போதோ போக்கை மாற்றிக்கொண்டபோது விட்டுச் சென்ற பழைய வளைவு. சுற்றியுள்ள நிலம் முழுவதும் தட்டையான வண்டல் சமவெளி. மண்கரை ஆற்று நீரை வெளியே தடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஆறு உயர்ந்திருக்கும் காலத்தில், அந்த நீர் உள்ளே திரும்பி ஏறாதபடி ஸ்டீல் பேயூ என்ற ஓடையின் மதகுகளை மூடுகிறார்கள். அப்போது உள்ளே பெய்யும் மழை வெளியேற வழியின்றி, தொட்டியில் தேங்குவதுபோல் தேங்கிக்கொண்டே போகிறது. 2019ஆம் ஆண்டில் இப்படித்தான் ஐந்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தது. அந்த ஆண்டு ஈகிள் ஏரிக்காரர்களுக்கு வீடு மட்டுமன்றி, வீட்டுக்குப் போகும் சாலையும் பிரச்சினையானது. காப்புக்காகக் கட்டிய கரை ஒரு விதமான வெள்ளத்தைத் தடுத்து வேறொரு விதமான வெள்ளத்துக்கு இடம்கொடுக்கும் என்பதை அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டால் விளக்கமாகச் சொல்வார்கள். ஓய்வுக்காலத்தில் மீன் பிடிக்கத் தூண்களின்மேல் ஒரு சிறு வீடு வேண்டும் என்பவர்களுக்கு அது அருமையான இடம். தினமும் அலுவலகம் போக வேண்டிய இளம் தம்பதிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வீடாக இருந்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மத்திய அவசரகால மேலாண்மை முகமையான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைத் தேடிப் பாருங்கள், கட்டணம் கிடையாது. ஏ என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வெள்ள வாய்ப்பு உண்டு என்று பொருள். ஒரு பங்குதானே என்று அலட்சியம் வேண்டாம். முப்பது ஆண்டு வீட்டுக் கடனின் காலம் முழுவதற்கும் கணக்கிட்டால் அது நூற்றுக்கு 26 ஆகிறது, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று. அந்த மண்டலத்து வீட்டுக்கு வங்கி வெள்ளக் காப்பீடு இல்லாமல் கடன் தராது.

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும், தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலரும் உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலரும்தான் உச்சவரம்பு என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். கடனோடு சேர்த்து எடுக்காத புதிய காப்பீடு நடைமுறைக்கு வர 30 நாள் காத்திருக்க வேண்டும். வடக்கே மழை பெய்து அந்த நீர் இங்கே வந்துசேர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், செய்தியைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் கெட்டவர்கள் பலர்.

ஒரு கூடுதல் தகவல், உங்கள் சுவாரஸ்யத்துக்காக. இன்று நகரின் காலடியில் ஓடுவது மிசிசிப்பி ஆறே அன்று. 1876ஆம் ஆண்டு ஆறு ஒரு வளைவை வெட்டிக்கொண்டு நகரை விட்டு விலகிவிட்டது. துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க, யாசூ ஆற்றைத் திருப்பிப் பழைய தடத்தில் விட்டு, 1903இல் அந்த வேலையை முடித்தார்கள். ஆற்றங்கரை வீடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்த ஆறு என்று கேட்பதில் தவறில்லை.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் மேட்டில்தான் வீடு பார்த்திருக்கிறோம். பின்வாசலைத் திறந்தால் முப்பது அடி ஆழமுள்ள பச்சைப் பள்ளத்தாக்கு. காட்சி மனத்தைக் கவர்கிறது. பின்முற்றத்தின் ஓரத்தில் நிலம் வில்போல் லேசாக வெடித்திருப்பதைப் பார்த்தோம். கோடை வெயிலால் ஏற்பட்ட வெடிப்பு என்கிறார் விற்பவரின் முகவர். நம்பலாமா? (ஒரு தம்பதியர், ஹியூஸ்டன்)

பதில்: நம்ப வேண்டாம். அல்லது, நம்புவதற்கு முன் மண்ணியல் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஓரத்துக்கு இணையாக வில்வடிவில் ஓடும் வெடிப்பு, சரிவு நகரத் தொடங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். வேலிக் கம்பங்கள் பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, மரங்களின் அடிப்பகுதி வளைந்து மேலே நிமிர்ந்திருக்கின்றனவா, வீட்டின் பின்பக்கத்துக் கதவுகள் மட்டும் சட்டத்தில் சிக்குகின்றனவா என்பதையும் பாருங்கள்.

விக்ஸ்பர்க்கின் மேடு பாறையால் ஆனதன்று. பனியூழிக் காலத்தில் பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளிய நுண்துகளை ஆறு சுமந்து வந்து சமவெளியில் பரப்பியது. அது காய்ந்தபின் காற்று வாரிக்கொண்டு போய்க் கிழக்குக் கரையில் குவித்தது. லோயஸ் என்று சொல்லப்படும் இந்த மண்ணின் குணம் விசித்திரமானது. உலர்ந்திருக்கும்வரை செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் நிற்கும். மண்வெட்டியால் எளிதில் குடையலாம். 1863ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் வடக்குப் படை இந்நகரை 47 நாள் முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது, மக்கள் இந்த மேடுகளில் குகை குடைந்து அதற்குள் குடும்பத்தோடு தங்கினார்கள். அதற்கு இடம்கொடுத்தது இந்த மண்தான். அதே மண்ணில் தண்ணீர் இறங்கிவிட்டால், துகள்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பு தளர்ந்து, கரைந்து வழிகிறது. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த கனமழையில், தேசிய ராணுவப் பூங்காவைச் சேர்ந்த கல்லறைத் தோட்டத்திலேயே மேடு சரிந்து கல்லறைகள் பாதிக்கப்பட்டன. அரசாங்கம் பராமரிக்கும் நிலத்துக்கே அந்தக் கதி என்றால், கூரை நீர் நேராகப் பள்ளத்தின் விளிம்பில் விழும்படி குழாய் வைத்திருக்கும் வீட்டின் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றித்தான். கூரையிலிருந்து வடியும் நீர் எங்கே போகிறது, வாகனப் பாதையின் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பள்ளத்தின் ஓரத்தில் தோட்டத்துக்குத் தெளிப்பான் வைத்திருக்கிறார்களா, பழைய குழாய் ஏதேனும் நிலத்தடியில் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முடிந்தால் பலத்த மழை பெய்யும் நாளில் குடையோடு போய் நின்று பாருங்கள். வெயில் நாளில் பத்து முறை போய்ப் பார்ப்பதைவிட அது மேல். சரிவில் வேரூன்றிய மரங்களைக் காட்சிக்காக வெட்டியிருந்தால் அதையும் குறையாகவே கணக்கில் வையுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் பணம். வழக்கமான வீட்டுக் காப்பீடு நில நகர்வை விலக்கி வைத்திருக்கிறது. வெள்ளக் காப்பீடும் நிலச்சரிவை ஏற்பதில்லை. முற்றம் சரிந்தால் தாங்குசுவர் எழுப்பும் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். அந்தச் செலவு சில சமயம் வீட்டின் விலையோடு போட்டி போடும். மேடு வெள்ளத்திலிருந்து காக்கும் என்று முந்தைய பதிலில் சொன்னது மேட்டின் நடுப்பகுதிக்கே பொருந்தும், விளிம்புக்குப் பொருந்தாது.

கேள்வி: தெற்கு செர்ரி தெரு, டிரமண்ட் தெருப் பக்கம் 1890களில் கட்டிய மரவீடுகள் பெருநகரத்து இரண்டறை அடுக்ககத்தின் விலைக்குக் கிடைக்கின்றன. அகன்ற திண்ணை, உயர்ந்த கூரை, செதுக்கு வேலைப்பாடு எல்லாம் உண்டு. விலை மலிவாக இருப்பதில் ஏதேனும் சூது உண்டா? (ஒரு வாசகி, அட்லாண்டா)

பதில்: சூது ஒன்றுமில்லை, பராமரிப்புச் செலவு உண்டு. அந்த வீடுகளை நான் நேசிக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செங்கல் தூண்களின்மேல் தரையை உயர்த்தி, அடியில் காற்றோட விட்டுக் கட்டிய முறை இந்த ஈரப்பதமான வெப்பத்துக்கு ஏற்றது. ஆனால் அந்த அடிப்பகுதிக்குள் விளக்கோடு தவழ்ந்து போய் உத்தரங்களைக் கத்தி முனையால் குத்திப் பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் உங்களுக்குத் தேவை. வாசலில் நின்று படம் எடுத்து அறிக்கை எழுதுபவருக்குக் கொடுக்கும் பணம் வீண்.

கரையான்தான் இங்கே முதல் எதிரி. கரையான் ஒப்பந்தம் இருக்கிறது என்று விற்பவர் சொன்னால் மகிழ்ந்துவிடாமல், தாளை வாங்கி வாசியுங்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கரையான் திரும்ப வந்தால் மருந்தடித்துத் தருவதோடு நின்றுவிடும். மற்றொன்று, தின்ற மரத்தையும் மாற்றித் தரும். புதிய உரிமையாளருக்கு அது மாறுமா என்பதையும் கேளுங்கள். நான் முன்பு குடியிருந்த வீட்டில் வரவேற்பறைத் தரை ஒருநாள் அமுங்கியபோதுதான், ஆண்டுதோறும் பணம் கட்டிய ஒப்பந்தம் முதல் வகை என்பது எனக்குத் தெரிந்தது.

1978ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய எந்த வீட்டிலும் ஈய வண்ணப்பூச்சு இருக்கக்கூடும். விற்பவர் தமக்குத் தெரிந்ததை எழுத்தில் தெரிவித்து, சோதனை செய்துகொள்ள உங்களுக்குப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும் என்பது மத்திய சட்டம். கைக்குழந்தை இருந்தால் இந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடாதீர்கள். மின்கம்பிகள் பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய வகையாக இருந்தால், வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல மறுக்கும் அல்லது பிரீமியத்தை ஏற்றும். வரலாற்று மண்டலத்துக்குள் இருக்கும் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற நகரத்தின் கட்டடக்கலை மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். மரச்சன்னல்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைக்கலாம் என்ற எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் செலவில் 20 விழுக்காட்டுக்கு மத்திய அரசு வரிச்சலுகை தருகிறது என்று முகவர் ஆசை காட்டக்கூடும். அது வாடகைக்கோ தொழிலுக்கோ பயன்படும் கட்டடங்களுக்கே உரியது. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

கேள்வி: விக்ஸ்பர்க்கில் நல்ல ஏரியா எது? எங்கள் முகவர் நேராகப் பதில் சொல்ல மறுக்கிறார். (பெயர் வேண்டாம் என்ற வாசகர், டாலஸ்)

பதில்: அவர் மறுப்பது திமிரால் அன்று. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு முதலியவற்றைக் காட்டி மக்களைக் குறிப்பிட்ட பகுதிக்குத் திருப்பிவிடுவதைத் தடை செய்கிறது. முகவர்கள் இத்தகைய கேள்விக்கு வாய் திறக்கத் தயங்குவது அதனால்தான். விக்ஸ்பர்க் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். நல்ல ஏரியா என்று நம்மவர்கள் கேட்கும்போது அந்தச் சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். நம்மையும் வேறொரு தெருவில் யாரோ அப்படித்தான் எடைபோடுகிறார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வியை உடைத்துக் கேட்டால் பதில் கிடைக்கும். பள்ளிதான் உங்கள் கவலை என்றால், நகரமும் வாரன் கவுண்டியும் ஒரே பொதுப் பள்ளி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆதலால் நகர எல்லையைத் தாண்டிப் போவதால் மாவட்டம் மாறாது. எந்தப் பள்ளி என்பதுதான் முகவரியைப் பொறுத்தது. அதை மாவட்ட அலுவலகத்திலேயே கேட்கலாம். பாதுகாப்புதான் கவலை என்றால், காவல் துறையிடம் அந்தத் தெருவைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளி இரவில் ஒருமுறையும் செவ்வாய் காலையில் ஒருமுறையும் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஆராய்ச்சி மையம் ஹால்ஸ் ஃபெர்ரி சாலையில் இருக்கிறது. இந்த அளவுள்ள ஊரில் எங்கிருந்து கிளம்பினாலும் பயண நேரம் ஒரு பொருட்டாகாது. வாரந்தோறும் மாநிலத் தலைநகரான ஜாக்சனுக்குப் போய்வர வேண்டியிருந்தால் மட்டும், 20ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அருகில், கிழக்குப் பக்கத்தில் தேடுங்கள். அங்கிருந்து ஜாக்சன் ஏறத்தாழ 45 மைல்.

பகுதிகளின் பெயர்களையும் கவனியுங்கள். இவ்வூரில் பாட்டம் என்று முடியும் பெயர் மேடுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தைக் குறிக்கும். பழைய கறுப்பினக் குடியிருப்பான மார்க்கஸ் பாட்டம் அப்படிப் பெயர் பெற்றதே. உயரமான நிலம் யாருக்குக் கிடைத்தது, தாழ்ந்த நிலம் யாருக்கு மிஞ்சியது என்ற வரலாறு அந்தப் பெயர்களிலேயே பதிந்திருக்கிறது. 2011இல் யாருடைய வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது.

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்து மூன்று மாதம் ஆகிறது. டெபாசிட் திரும்பவில்லை. உரிமையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. என்ன செய்வது? (ஓர் ஆராய்ச்சி மாணவர், விக்ஸ்பர்க்)

பதில்: மிசிசிப்பி சட்டப்படி, குடியிருப்பு முடிந்து, வீட்டை ஒப்படைத்து, நீங்கள் பணத்தைக் கேட்டபின் 45 நாளுக்குள் உரிமையாளர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், ஏதேனும் பிடித்தம் செய்திருந்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியல் தர வேண்டும். நீங்கள் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருப்பதால், எடுக்கப்படாத தொலைபேசி அழைப்பு போதாது. உங்கள் புதிய முகவரியோடு பதிவுத் தபாலில் இன்றே கடிதம் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே வழக்குத் தொடுக்கலாம். அடுத்த வீட்டுக்கும் பயன்படும் ஒரு செய்தி: உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை எழுத்தில் தெரிவித்து 30 நாள் ஆகியும் அவர் செய்யாவிட்டால், ஒரு மாத வாடகைக்கு மிகாத செலவில் நீங்களே சரிசெய்து அதைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியாது; வாடகை பாக்கி வைத்திருப்பவருக்கும் அந்த வழி திறக்காது.

கேள்வி: சென்ற ஆண்டு மே மாதம் வீடு வாங்கிக் குடியேறினோம். பக்கத்து வீட்டுக்காரரைவிட எங்களுக்குச் சொத்து வரி மிக அதிகமாக வந்திருக்கிறது. வீடுகள் இரண்டும் ஒரே அளவு. (ஒரு வாசகர், விக்ஸ்பர்க்)

பதில்: சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு உரிய ஹோம்ஸ்டெட் என்ற வரி விலக்குக்கு நீங்கள் விண்ணப்பிக்காமல் இருந்திருக்க வேண்டும். மிசிசிப்பியில் உரிமையாளரே குடியிருக்கும் வீட்டை அதன் மதிப்பில் 10 விழுக்காட்டிலும், மற்றவற்றை 15 விழுக்காட்டிலும் வைத்து வரி கணக்கிடுகிறார்கள். 2,00,000 டாலர் வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு 20,000 டாலர்மீதும் உங்களுக்கு 30,000 டாலர்மீதும் வரி விழுகிறது. அவருக்கு மேலும் 300 டாலர் வரை கழிவும் உண்டு. விண்ணப்பத்தை ஜனவரி 1 முதல் ஏப்ரல் 1க்குள் கவுண்டி வரி மதிப்பீட்டாளர் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். போகும்போது வீட்டுப் பத்திரத்தோடு உங்கள் காரின் பதிவு எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்து, அந்த மாநிலத்து எண் பலகையை இன்னும் மாற்றாமல் இருந்தால் அதை முதலில் மாற்றிவிட்டுப் போங்கள்.